சுத்தியல் இல்லாமல் பாறை ஏறுதல்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கருங்கல் உடைக்கும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். பெரிய கல்லை இரண்டாக்க வேண்டுமென்றால் கல்வேலைக்காரர் வரிசையாகக் குழி வெட்டி, குழிக்கொன்றாக இரும்பு ஆப்பு இறக்கி, சுத்தியலால் மாறி மாறித் தட்டுவார். ஒரே அடியில் ஒன்றும் நடக்காது. ஆப்பு இறங்க இறங்க இரு பக்கமும் தள்ளும்; கொஞ்ச நேரத்தில் குழிக்குக் குழி கோடு ஓடிக் கல் விரியும். பாறை ஏறுவோர் பல தலைமுறைகளாக வெடிப்புகளில் அடித்துவந்த இரும்பு முளையும் இந்த ஆப்பின் உறவுதான். அவர்கள் கல்லைப் பிளக்க நினைக்கவில்லை, விழாமல் இருக்க நினைத்தார்கள். ஆனால் கல்லுக்கு நடந்தது ஒன்றுதான்.

சுத்தியலும் முளையும் துளைபொறியும் இல்லாமல், வெடிப்பின் வடிவத்திலேயே சிக்கி நிற்கும் கருவிகளை வைத்து ஏறி, திரும்பும்போது அத்தனையையும் கையோடு எடுத்து வருவதைத் தூய ஏற்றம் என்கிறோம். திருகோணமலையில் தொடங்குபவர் இதிலேயே தொடங்குவது நல்லது. இங்குள்ள பாறைகளில் பல, வழிபாட்டோடும் தொல்பொருளோடும் பிணைந்தவை. அதோடு கடலோரப் பாறையில் நிரந்தரமாகப் பொருத்திய உலோகத்தை உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எழுத்தைப் படித்துப் பாறை ஏறப் பழக முடியாது. பெலே பிடிக்கவும் (ஏறுபவர் விழுந்தால் தாங்கும்படி கயிற்றைக் கட்டுப்படுத்தவும்) முடிச்சுப் போடவும் கயிற்றில் இறங்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். கீழே உள்ளவை அந்தப் பயிற்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

முளை பாறையை எப்படிக் கெடுத்தது

ஐரோப்பாவில் பழைய முளைகள் மென்னிரும்பால் ஆனவை. அடித்தால் வெடிப்பின் வளைவுக்கேற்ப வளைந்து உட்கார்ந்துவிடும், பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், கடினமான கருங்கல்லில், அவை மடங்கிப்போயின. அதனால் சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லர் ஜோன் சலத்தே 1940களில் கடின உருக்கில் முளை செய்தார். 1957இல் இவோன் ஷுயினார்ட் பட்டறை போட்டு அதே வகை முளைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இவற்றை அடித்துப் பிடுங்கி மறுபடி அடிக்கலாம். பாறையில் இரும்பை விட்டுவராமல் இருப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் சேதம் அந்தப் பிடுங்குதலில்தான் இருந்தது.

முளையைக் கழற்ற அதன் தலையை வெடிப்பின் திசையில் மேலும் கீழுமாக அடித்து ஆட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெடிப்பின் உதட்டில் உள்ள பளிங்குத் துகள்கள் உதிரும். முதல் ஆள் கத்தி அலகு போன்ற மெல்லிய முளை அடித்த இடத்தில், சில ஆண்டுகளில் விரல் தடிப்பான முளை வேண்டிவரும். பிறகு அதுவும் போதாது. யோசெமிட்டியில் செரனிட்டி என்ற வெடிப்பில் இன்று ஏறுபவர்கள் விரல் வைத்துப் பிடிக்கும் குழிகள் அந்தக் காலத்து முளைத் தழும்புகளே. ஆறாத தழும்புகள் அவை. கல்லுக்குத் தோல் வளராது.

மாற்று, பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே ஏறுவோர் கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், வெடிப்பில் செருகிக் கயிறு கட்டினார்கள். பிறகு இயந்திர நட்டுகளின் உள் மரையை அராவி நீக்கி, நடுவே கயிறு கோத்தார்கள். 1961இல் இதற்கென்றே செய்த நட்டுகள் வந்தன. இன்று ஆப்பு வடிவில் இருக்கும் கருவிக்கும் நட்டு என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். பிரிட்டனில் இதைப் பார்த்துப் பழகிய றோயல் றொபின்ஸ், 1967இல் மனைவி லிஸ்ஸோடு யோசெமிட்டியில் ஒரு புதிய பாதையை நட்டுகளை மட்டும் வைத்து ஏறினார். ஷுயினார்ட்டின் நிறுவனம் 1970இல் அமெரிக்காவின் மிகப் பெரிய ஏறுகருவி விற்பனையாளர். முளைதான் அவர்களுடைய பெருவியாபாரம். அப்படியிருந்தும் அவரும் பங்காளி டொம் புரொஸ்ட்டும் முளையைக் கைவிட முடிவு செய்து, 1972 விலைப்பட்டியலில் டக் றொபின்சன் எழுதிய 14 பக்கக் கட்டுரையோடு நட்டுகளை முன்வைத்தார்கள். தங்கள் வருமானத்தைத் தாங்களே வெட்டிக்கொண்ட அந்த முடிவை மதிக்கத்தான் வேண்டும். அடுத்த ஆண்டே யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தை மூவர் சுத்தியல் இல்லாமல் ஏறிக் காட்டினார்கள். 1978இல் றே ஜார்டினின் கேம், அதாவது வெடிப்புக்குள் விரிந்து பிடிக்கும் கருவி, விற்பனைக்கு வந்தது. மேலிருந்து கீழ்வரை அகலம் மாறாத வெடிப்பிலும் கருவி வைக்க வழி பிறந்தது.

எங்கே ஏறக் கூடாது

கோணேசர் மலையில் ஏறக் கூடாது. இராவணன் வெட்டும், கடல் பக்கத்துச் செங்குத்து முகமும், பிரெட்ரிக் கோட்டையின் மதில்களும் அதில் அடக்கம். கடலிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் எழும் அந்த முகத்தைப் பார்த்தால் ஏறுபவருக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் மலை முழுவதுமே கோயில். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அந்த மலைக்கு அந்தச் சேதமே போதும்.

திரியாய், கன்னியா போன்ற தொல்லிடங்களும் அப்படித்தான். பெயர் பெறாத குன்றுகளிலும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். குகை வாயிலுக்கு மேலே மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய நீர்வடி விளிம்பு, பாறையில் வெட்டிய படி, சதுரக் கால்குழி, எழுத்துப் போன்ற கீறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இவற்றைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விடத்தான் வேண்டும். புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கும் கூடாது. துறைமுகத்தைச் சுற்றிப் பல இடங்கள் கடற்படையின் பொறுப்பில் உள்ளன.

மற்ற இடங்களில் காணிக்காரரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் முதலில் கேளுங்கள். காடு என்றால் வனப் பரிபாலனத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ அனுமதி வேண்டும். பாறை உச்சியில் வைரவருக்கோ பிள்ளையாருக்கோ ஒரு கல்லும் சூலமும் இருந்தால் ஊர்ப் பெரியவரிடம் கேட்காமல் காலடி வைக்காதீர்கள். போர் நடந்த மாவட்டம் இது. சனம் நடக்கும் பாதையை விட்டு விலகிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம்.

பாறையின் நெற்றிக்குக் கீழே கறுப்புத் திரைபோல் பெருந்தேனீக் கூடு தொங்குகிறதா என்று தூரத்தில் நின்றே பாருங்கள். இருந்தால் அந்த முகத்தையே மறந்துவிடுங்கள். பக்கத்தில் பத்து மீற்றர் தள்ளி ஏறலாம் என்ற கணக்கு வேண்டாம். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது.

பாறையை வாசித்தல்

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய பளிங்குருப் பாறை. உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் பட்டை பட்டையாக வரியோடிய கருங்கல், அல்லது வெண்மையான படிகப் பாறை. இரண்டும் கடினமானவை, ஆனால் வெளித்தோல் அப்படியல்ல. வெயிலிலும் மழையிலும் மேல்படலம் வெங்காயத் தோல் போலத் தகடு தகடாகக் கழன்று நிற்கும். கண்ணுக்கு அருமையான வெடிப்பு போலத் தெரிவது, பல வேளை கழன்ற தகட்டின் ஓரமாக இருக்கும்.

உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். திடமான பாறை சத்தமே கொடுக்காது. தகடு என்றால் வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும், மறு கையில் அதிர்வும் தெரியும். அப்படி ஒலிக்கும் இடத்தில் கருவி வைக்கக் கூடாது, முடிந்தால் பிடிக்கவும் கூடாது. அடுத்து வெடிப்பின் உட்சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் கருவிக்கும் பாறைக்கும் நடுவே அது உருளைபோல் வேலை செய்யும். மென்மையான நைலோன் தூரிகையால் தட்டிவிட்டுப் பாருங்கள். இன்னும் உதிர்ந்தால் அடுத்த இடம் தேடுங்கள். கம்பித் தூரிகையும் உளியும் பையில் இருக்கவே கூடாது. பாறைப் பாசிப்பூ ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீற்றர்கூட வளராதது. உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்த ஒன்றைச் சுரண்டி எறிய ஒரு நிமிடம் போதும்.

மாரி காலத்தில், ஐப்பசியிலிருந்து தை வரை, வெடிப்புகளுக்குள் நீர் ஓடும். வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஏறுவதற்கு ஏற்ற காலம் பங்குனிக்குப் பிறகு. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாறை அடுப்புக்கல்லாகிவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்து, வேண்டுமானால் நாலரைக்குப் பிறகு திரும்பி வாருங்கள். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர் கட்டாயம்.

என்னென்ன வேண்டும்

இருவர் கொண்ட தொடக்கக் குழுவுக்கு 60 மீற்றர் மீள்கயிறு (விழுகையில் நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும் ஏறுகயிறு) ஒன்று, தடிப்பு 9.8 முதல் 10 மில்லிமீற்றர். ஆங்கர் (பாறை உச்சியில் ஏறுகயிற்றைத் தாங்கும் பிடிமானம்) நீட்டுவதற்கு நீளாத கயிறு 15 மீற்றர். சிறிதிலிருந்து பெரிது வரை 10 நட்டுகள் கொண்ட ஒரு தொகுதி. விரல் தடிப்பிலிருந்து கைமுட்டி அகலம் வரை 5 கேம்கள். ஸ்லிங் (வளையமாகத் தைத்த பட்டை): 60 சென்ரிமீற்றரில் ஆறு, 120இல் மூன்று, 240இல் ஒன்று. 7 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 6 மீற்றர்த் துண்டாக இரண்டு. சாதாரண கராபினர் (திறந்து மூடும் வாயுள்ள உலோகக் கொளுவி) 16, பூட்டுக் கராபினர் 6. நட்டுக் கழற்றி ஆளுக்கு ஒன்று. தலைக்கவசம், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டி), ஏறுசப்பாத்து ஆளுக்கொன்று. பழைய கம்பளத் துண்டு இரண்டு, சாக்கு இரண்டு. இந்தக் கடைசி இரண்டும் கடையில் விற்கும் எந்தக் கருவிக்கும் குறைந்தவை அல்ல.

பணம் போதாவிட்டால் கேமைத் தள்ளிப்போடுங்கள். நட்டும் ஸ்லிங்கும் கொண்டு முதல் ஆண்டை ஓட்டலாம், பாறையை வாசிக்கவும் அவையே நன்றாகக் கற்றுத்தரும். பாவித்த கயிறையும் ஸ்லிங்கையும் யாரிடமும் வாங்காதீர்கள். அவற்றின் வரலாறு வெளியே தெரியாது.

நட்டு வைத்தல், நிலத்தில் நின்றபடி

முதல் மூன்று நாளும் கால் தரையில்தான். மார்பு உயரத்தில் வெடிப்பு உள்ள ஒரு பாறையைப் பிடித்து, ஆளுக்கு முப்பது தடவை வைத்துக் கழற்றுங்கள்.

மேலே அகன்று கீழே ஒடுங்கும் இடத்தைத் தேடுங்கள். புனலில் சிக்கிய கல் கீழே இறங்காது அல்லவா, அதே முறை. அகன்ற இடத்தால் நட்டை உள்ளே விட்டு, ஒடுக்கத்துக்குள் கீழே இறக்கி, விழுந்தால் எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கமாக ஒரு வெட்டு வெட்டி இழுத்து உட்காரவையுங்கள். பிறகு குனிந்து உள்ளே பாருங்கள். நட்டின் இரு முகமும் முடிந்தவரை முழுதாகக் கல்லைத் தொட வேண்டும். ஒரு மூலை மட்டும் ஒரு பளிங்குப் புடைப்பில் தொட்டுக்கொண்டிருந்தால், பாரம் வந்ததும் புடைப்பு உடையும்: நட்டும் போகும், பாறையிலும் ஒரு சில்லுப் போகும். வெளிப்பக்கமாக விரியும் வெடிப்பில் நட்டு நிற்பதுபோல் தெரியும். இழுத்தால் வழுக்கி முகத்துக்கு வரும்.

சோதிக்க, நட்டில் 120 சென்ரிமீற்றர் ஸ்லிங் கொளுவி, அதில் கால் வைத்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மெல்ல எழும்பி நில்லுங்கள். தலைக்கவசம் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கழன்றால் ஏன் கழன்றது என்று மற்றவர் சொல்ல வேண்டும். இந்த விசாரணைதான் பயிற்சி; எண்ணிக்கை அல்ல.

நன்றாக வைத்த நட்டும் ஒரு காரணத்தால் கழன்று விழும்: மேலே போகும் கயிறு அசைந்து அதை மேல்நோக்கித் தூக்கிவிடும். நட்டுக்கும் கயிற்றுக்கும் இடையே 60 சென்ரிமீற்றர் ஸ்லிங் போட்டால் அந்த அசைவு நட்டுவரை போகாது.

கழற்றும்போது வைத்த வழியைத் திருப்பிச் செய்ய வேண்டும்: மேலே தள்ளி, அகன்ற இடத்தால் வெளியே. கீழே நின்று கம்பியை வெடுக்கென்று வெளியே இழுப்பதால்தான் கம்பி முறுக்கேறி, வெடிப்பின் உதடும் தேய்கிறது. இறுகிவிட்டால் கழற்றியின் நுனியை நட்டின் அடியில் வைத்து உள்ளங்கையால் தட்டுங்கள். கல்லால் கழற்றியை அடிக்கத் தொடங்கினால் முளைக் காலத்துக்கே திரும்பிவிட்டீர்கள்.

கேம்

விசையை இழுத்தால் நான்கு இதழ்களும் ஒடுங்கும். வெடிப்புக்குள் விட்டு விசையை விட்டால் விரிந்து பிடிக்கும். விரிவின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும்: ஏறக்குறைய பாதியிலிருந்து முக்கால்வாசி வரை ஒடுங்கிய நிலை. முழுதாக ஒடுக்கித் திணித்தால் வெளியே வராது. முழுதாக விரிந்து நின்றால் கொஞ்சம் அசைந்ததும் கழன்றுவிடும். தண்டு, பாரம் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

கேம் பாறையை அடிப்பதில்லை, ஆனால் தள்ளும். இதழின் வளைவு கீழே இழுக்கும் விசையைப் பக்கவாட்டு விசையாக மாற்றுகிறது. வழக்கமான கோணத்தில் ஒவ்வொரு பக்கச் சுவரையும் பாரத்தைப்போல் இரு மடங்கு தள்ளும். 5 கிலோநியூட்டன் விழுகை வந்தால் சுவர் ஒன்றுக்கு 10 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு தொன் எடை. வெங்காயத் தோல் தகட்டுக்குப் பின்னால் கேம் வைப்பவர், கல்வேலைக்காரரின் ஆப்பைத் தன் தலைக்கு மேலே வைத்துவிட்டு ஏறுகிறார். தகடு கழன்றால் கீழே பெலே பிடிப்பவர்மீதுதான் விழும். தூய ஏற்றக் கருவி என்ற பெயர் கேமுக்கு இருப்பதால் எங்கும் வைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

மேற்கயிறு ஆங்கர்

முதல் பருவம் முழுவதும் மேலே ஆங்கர் கட்டி, கீழே நின்று பெலே பிடித்தே ஏறுங்கள். முன்னேறுபவராகக் கருவி வைத்துக்கொண்டே போவது அதற்குப் பிறகு.

ஆங்கருக்கு மூன்று பிடிமானம் வேண்டும், குறைந்தது இரண்டு வெவ்வேறு வெடிப்புகளில் அல்லது ஒரு வெடிப்பும் ஒரு மரமும் என. ஒரே தகட்டில் மூன்று வைத்தால் அது ஒரு பிடிமானந்தான். மூன்றையும் 6 மீற்றர்க் கயிற்றால் இணைத்துப் பாரத் திசையில் இழுத்து ஒரே முடிச்சில் கட்டுங்கள். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் குலுங்காமல் தாங்க வேண்டும். ஆங்கரின் கைகள், அதாவது முடிச்சிலிருந்து பிடிமானங்களுக்குப் போகும் கயிறுகள், விரியும் கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். இரு கை ஆங்கரில் 60 பாகையில் ஒவ்வொரு கையும் பாரத்தில் 58 வீதத்தைச் சுமக்கும். 120 பாகையில் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

மரத்தைக் கட்டும்போது உயிருள்ளதா, தொடைத் தடிப்பு உண்டா, ஆட்டினால் வேர் அசைகிறதா என்று பாருங்கள். பாறை மேல் நிற்கும் பாலையும் வீரையும் கடின மரங்கள்தான். ஆனால் சாணளவு மண்ணில் வேரோடியவையும் உண்டு. சாக்கைச் சுற்றி, அதன்மேல் அகலப் பட்டையை அடிமரத்தில் தாழக் கட்டுங்கள். ஏறுகயிறை நேரே மரத்தில் சுற்றி ஆளை இறக்கக் கூடாது: ஓடும் கயிறு பட்டையை வாள்போல் அறுக்கும், கயிறும் சூட்டில் உருகும்.

ஏறுகயிறு ஓடும் பூட்டுக் கராபினர் இரண்டும், வாய் எதிரெதிராக, பாறை விளிம்புக்குக் கீழே தொங்க வேண்டும். அதற்காகத்தான் நீளாத கயிறு. மணல் ஏறிய கயிறு விளிம்பில் நாள் முழுதும் ஓடினால் அரம் போலத் தேய்த்துக் கல்லில் வாய்க்கால் போட்டுவிடும். விளிம்பைத் தொடும் நீளாத கயிறின் கீழே கம்பளத் துண்டை வைத்து, அது நழுவாதபடி நூலால் கட்டுங்கள்.

உப்பு

பாறையைத் துளைத்து நிரந்தரமாகப் போல்ட் அடித்தால் என்ன, அது பாதுகாப்புத்தானே என்று கேட்பார்கள். கடலோர வெப்பநாட்டில் அது கல்லையும் கெடுக்கும், ஆளையும் ஏமாற்றும். உப்பும் வெப்பமும் சேர்ந்தால் துருப்பிடிக்காத உருக்கிலும் உள்ளே நுண்வெடிப்பு ஓடும். வெளியே பளபளப்பாக இருந்தபடியே சிறு பாரத்தில் முறியும். தாய்லாந்தின் கடலோரச் சுண்ணப்பாறைகளில் இப்படி முறிந்த பின்னர்தான் பசையில் புதைக்கும் டைட்டேனியம் போல்ட்டுக்கு மாறினார்கள். கையில் கொண்டுவந்து கையில் எடுத்துப் போகும் கருவியை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்க முடியும், கழுவ முடியும்.

கடற்கரையில் ஒரு நாள் பாவித்த அலுமினியக் கராபினரில் ஒரு வாரத்தில் வெண்பொடி பூக்கும். அன்றே நன்னீரில் அலசுங்கள். கேமை இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தி விசையை இருபது தடவை இயக்கி, நிழலில் காயவைத்து, அச்சில் மட்டும் உலர் மசகு இடுங்கள். இயந்திர எண்ணெய் மணலைப் பிடித்துவைக்கும். ஸ்லிங்கில் எண்ணெய் படவே கூடாது. நைலோனை வெயிலில் காயப்போடாதீர்கள். பாவிக்காவிட்டாலும் பத்தாண்டில் ஓய்வு. வாரந்தோறும் பாவித்தால் மூன்றாண்டுக்குள், வெளிறியிருந்தால் அதற்கும் முன்னே.

வியர்வைக்காகக் கையில் பூசும் வெண்தூளைக் குறைவாகப் பாவியுங்கள். வியர்க்கும் நாட்டில் அது தேவைதான், ஆனால் கரும்பாறையில் வெள்ளைக் கைத்தடம் தூரத்திலிருந்தே தெரியும். இறங்கும்போது மென்தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சப்பாத்தின் அடி மணலையும் ஏறுமுன் துடையுங்கள். மணல் ஒட்டிய சப்பாத்துக் கால்வைக்கும் இடத்தை வழுக்குப் பளிங்காக்கிவிடும்.

வெடிப்பில் பழைய இரும்பு ஆணியோ வளையமோ கண்டால் அதில் கொளுவ வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அது ஊதி ஊதிச் சுற்றியுள்ள கல்லை ஏற்கெனவே விரித்திருக்கும். அடித்தால் ஆணியோடு கல்லும் வரும். எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அது கோயில் சார்ந்த இடமென்றால் அங்கே பொறுப்பானவர்களிடமும், அல்லாவிட்டால் காணிக்காரரிடமும் சொல்லிவிட்டு, இரண்டு மீற்றர் தள்ளி வேறு வெடிப்பைத் தேடுங்கள்.